நூற்று எண்பத்தாறு ஒற்றை எண்கள்

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் இதுவரை பிறந்து வளர்ந்த மனிதர்களில், ‘பரவாயில்லை’ என்ற சொல்லை வாழ்நாளில் ஒருமுறைகூட உச்சரிக்காத ஒரே ஆள் எங்கள் சைபரண்ணன்தான். எப்படிச் சுகம் என்று கேட்டால் மற்றவர்கள் ‘ஏதோ இருக்கிறம்’ என்பார்கள். அவர் ஒரு கணம் கண்ணை மூடித் தன் உடம்பை உச்சி முதல் உள்ளங்கால் வரை பரிசோதித்துவிட்டு, ‘சுகம்’ அல்லது ‘சுகமில்லை’ என்று அறிவிப்பார். கொஞ்சம் சளித் தடிமன் என்ற நிலை அவருக்குக் கிடையாது. தடிமன் உண்டு, அல்லது தடிமன் கிடையாது.

அவருடைய சொந்தப் பெயர் வரவுப் பதிவேட்டில் இருந்தது. அதை யாரும் வாசித்ததாக ஞாபகமில்லை. வாவியைப் பார்த்தபடி நிற்கும் ஓர் அரச அலுவலகத்தில் கணினியில் தரவு ஏற்றுவது அவர் வேலை. வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். ஓய்வூதியம் கிடையாது, கதிரைக்குச் சாய்மானமும் கிடையாது. தினமும் சித்தாண்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். நான் பக்கத்து மேசை, கள உத்தியோகத்தர். எனக்கு நிரந்தர நியமனம், சாய்மானம் வைத்த கதிரை. அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். நான் இன்னும் அதே கதிரையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சைபர் என்ற பட்டம் அவராகத் தேடிக்கொண்டது. ‘அவன் ஒரு சைபர்’ என்று யாரையாவது யாராவது ஏசினால் இவருக்குத்தான் மூக்குமேல் கோபம் வரும்.

“சைபர் எண்டா ஒண்டுமில்லை எண்டு நினைக்காதீங்க. கேள்வி கேட்டு, ‘இல்லை’ எண்டு மறுமொழி வந்திரிக்கு எண்டு கருத்து. கேக்காமலே விட்ட கேள்வி வேற, சைபர் வேற.”

இதை அவர் தலைமை எழுதுவினைஞரிடம் சொல்வார், தபால்காரரிடம் சொல்வார், நிழலுக்கு ஒதுங்கிய ஆட்டிடமும் சொல்வார். கணினி என்பது உள்ளுக்குள் வெறும் சுவிச்சுகள், ஒவ்வொன்றும் ஒன்றில் போட்டிருக்கும் அல்லது அமத்தியிருக்கும், போட்டிருந்தால் ஒன்று, அமத்தியிருந்தால் சைபர், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த முழு ஞானமும் என்பது அவருடைய பிரசங்கம்.

“உன்ர அம்மாட பேரும் அதுக்குள்ள ஒண்டும் சைபரும்தான் தம்பி. நீ ஃபோனில எடுத்த போட்டோவும் அதுதான், கேக்கிற பாட்டும் அதுதான். எந்த இடத்தில ஒண்டு நிண்டா என்ன கருத்து எண்டு மனிசர் பேசி வெச்சிரிக்கிறாங்க. அந்தப் பேச்சு இல்லாட்டி அது வெறும் சுவிச்.”

நான் ‘ஓமண்ணன்’ என்றுவிட்டு என் கோப்பைப் பார்ப்பேன். அரச அலுவலகத்தில் ஒருவருடைய ஞானத்தைச் சகித்துக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

இந்த ஞானம் முதன்முதலில் பலி கொண்டது ஹலீமா ராத்தாவை. ராத்தா ஏறாவூர்க்காரி. அலுவலகத்துக்குப் பின்னால் குடியிருந்து எங்களுக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். எங்கள் பிரிவில் ஆறு பேர். ஒரு தட்டில் ஆறு கிளாஸ் வரிசையாக இருக்கும். தேத்தண்ணி வேண்டியவர் தன் கிளாஸை நிமிர்த்தி வைப்பார், வேண்டாதவர் கவிழ்த்து வைப்பார். வலப்பக்கக் கடைசிக் கிளாஸ் சைபரண்ணனுடையது, அதற்குப் பக்கத்துக் கிளாஸ் என்னுடையது. ராத்தா வேலைக்கு வந்த முதல் நாள், அடுப்படியிலிருந்து எத்தனை என்று சத்தம் போட்டுக் கேட்டார். சைபரண்ணன் தட்டைப் பார்த்தார்.

“நாப்பத்தி மூண்டு!”

ராத்தா ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். ஏதோ கூட்டம் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் கேத்தில் இரவல் வாங்கி, கடனுக்குச் சீனி வாங்கி, நாற்பத்து மூன்று பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். அறையில் நாங்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேருக்குத் தேத்தண்ணி வேண்டாம்.

“என்ட அல்லாஹ்! நாலு பேருக்கு நாலு எண்டு சொல்ல உங்கட வாய்க்கு என்ன வந்தது?”

“நாலு எண்டா எத்தினை பேர் எண்டுதான் தெரியும் ராத்தா. ஆர் ஆர் எண்டு தெரியாது. நாப்பத்தி மூண்டு எண்டா ஆக்களும் தெரியும்” என்றார் சைபரண்ணன், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

அவருடைய கணக்கு இதுதான். வலப்பக்கக் கடைசிக் கிளாஸ் நிமிர்ந்திருந்தால் அதற்கு ஒன்று. அடுத்ததற்கு இரண்டு. அதற்கடுத்து நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. கவிழ்ந்த கிளாஸுக்கு எதுவும் இல்லை. நிமிர்ந்தவற்றை மட்டும் கூட்டு. அன்றைக்கு முப்பத்திரண்டு, எட்டு, இரண்டு, ஒன்று. கூட்டினால் நாற்பத்து மூன்று. வேறு எந்த நாலு பேர் கேட்டாலும் அந்த எண் வராது. ஆறு பேரில் யார் வேண்டுமென்றார், யார் வேண்டாமென்றார் என்ற முழு வரலாறும் அந்த ஒரு எண்ணுக்குள் இருக்கிறது என்று விளக்கினார். மிச்ச முப்பத்தொன்பது பிளேன்ரீயையும் அலுவலகத்துக்கு அலுவலாக வந்த சனம் குடித்தது. அரச அலுவலகம் ஒன்றில் வந்தவர்களுக்குக் கேட்காமலே ஏதாவது கிடைத்தது எங்கள் சரித்திரத்தில் அந்த ஒரு நாள்தான்.

ஆனால் ராத்தா கெட்டிக்காரி. ஒரு மாதத்தில் அந்தக் கணக்கு அவருக்குக் கரைபாடமாகிவிட்டது. அதன் பிறகு அவர் வாசலில் நின்று தட்டைப் பார்த்து, “இண்டைக்கு முப்பத்தஞ்சு. கணக்காளர் இன்னும் வரல்ல போல” என்று சொல்லத் தொடங்கினார். வரவுப் பதிவேட்டைவிட அது நம்பகமாக இருந்தது.

சைபரண்ணனுக்குக் கலியாணம் ஆகாததற்கும் இந்தக் கணக்குத்தான் காரணம். ஒரு சம்பந்தம் கைகூடி வந்தது. இரு வீட்டாரும் ஊர் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கப் போனார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்புப் பூ. கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். பூசாரியார் பொட்டலத்தைக் குலுக்கும்போது மாப்பிள்ளை எழும்பினார். ஒரேயொரு தரம் எடுத்தால் அம்மாளால் ஓம் அல்லது இல்லை மட்டும்தான் சொல்ல முடியும், எட்டுத் தரம் எடுத்தால் இருநூற்று ஐம்பத்தாறு விதமாக மறுமொழி சொல்லலாம், தெய்வத்தின் வாயை ஏன் கட்டுகிறீர்கள் என்று கேட்டார். பூசாரியார் பயந்துபோய் எட்டுத் தரமும் குலுக்கினார். இவர் வெள்ளைக்கு ஒன்று, சிவப்புக்குச் சைபர் என்று எழுதி, கிளாஸ் கணக்கில் கூட்டிப் பார்த்தார். எழுபத்தேழு வந்தது.

பெண்ணின் தகப்பன் கேட்டார்: “இப்ப அம்மாள் ஓம் எண்டவவா, இல்லை எண்டவவா?”

“அம்மாள் எழுபத்தேழு எண்டு சொல்லியிரிக்கிறா. அதுக்கு என்ன கருத்து எண்டு நாங்க முதலே பேசி வைக்கல்ல. பிழை எங்கட பக்கம்தான்.”

பெண் வீட்டார் அர்ச்சனைத் தட்டையும் எடுக்காமல் வான் ஏறிப் போனார்கள். இதை எனக்குச் சொல்லும்போது அவருக்குக் கவலை இருந்ததா என்று நான் கேட்டேன். கண்ணை மூடிப் பரிசோதித்தார். “ஓம்” என்றார்.

எங்கள் அலுவலகப் பெரியவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. மேலதிகாரிகளுக்கென்று எட்டுக் கேள்வி வைத்திருந்தார். நேரத்துக்கு வருகிறாரா, கடிதத்தை வாசித்துவிட்டுக் கையொப்பம் வைக்கிறாரா, வந்த சனத்தை உட்காரச் சொல்கிறாரா என்றெல்லாம் போய், எட்டாவது கேள்வி: அலுவலக வாகனத்தில் போகிறாரா? எங்கள் பெரியவர் முதல் ஏழுக்கும் சைபர் வாங்கி, எட்டாவதுக்கு மட்டும் ஒன்று வாங்கினார். ஆக மொத்தம் ஒன்று. ‘சைபர் உங்களுக்கு ஒண்டு போட்டிரிக்காராம் சேர்’ என்று யாரோ காதில் போட, பெரியவர் அன்று முழுதும் முகம் மலர்ந்து திரிந்தார்.

இதுவரை சிரித்துவிட்டேன். இனி எனக்குச் சிரிப்பு வராது.

மார்கழி வெள்ளத்தில் வாவி வீதிக்கு ஏறியது. அந்தக் கிழமை முழுவதும் எங்கள் பிரிவில் இரண்டு பேர்தான் வேலைக்கு வந்தோம். சைபரண்ணன் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வந்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தேன். மற்ற நால்வரும் வீட்டுக்குள் தண்ணீர் என்று லீவு போட்டார்கள். அதில் ஒருவர் இருந்தது மேல்மாடியில். ராத்தா தட்டைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு நாளும் “மூண்டு” என்றார். கடைசிக் கிளாஸும் அதற்குப் பக்கத்துக் கிளாஸும் மட்டும் நிமிர்ந்திருந்தன.

தண்ணீர் வடிந்ததும் நிவாரணத் திட்டம் ஒன்று வந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஆறு மாத உலர் உணவும் சிறுபோகத்துக்கு விதைநெல்லும். யார் பாதிக்கப்பட்டவர் என்று அறிய ஒரு கணக்கெடுப்பு. எங்கள் கையில் ஆளுக்கொரு டெப் கணினி தந்தார்கள். எட்டுக் கேள்வி. கூரை சேதமா, கிணறு பழுதா, கால்நடை செத்ததா, வயல் அழிந்ததா என்று போய், எட்டாவது கேள்வி: வீட்டில் நெல் இருப்பு உண்டா? ஒவ்வொன்றுக்கும் இரண்டு பொத்தான். ஓம், இல்லை. எட்டாவதுக்கு ஓம் என்று அழுத்திவிட்டால், மற்ற ஏழுக்கும் என்ன வந்தாலும், அந்த வீட்டுக்கு விதைநெல்லும் இல்லை, அரிசியும் இல்லை.

எனக்குக் கிடைத்தது கரடியனாற்றுக்கு அப்பால், ஒரு குளத்துக்குக் கீழே இருக்கிற கிராமம். குளத்தின் கதவுகளைத் திறந்ததில் அந்த வட்டை முழுவதும், வயலென்று சொல்ல ஒரு வரம்பும் தெரியாமல், ஒன்பது நாள் தண்ணீருக்குள் கிடந்தது. மூட்டை கட்டி வைத்திருந்த நெல் வீட்டுக்குள்ளேயே முளைத்துவிட்டது. பகலில் சனம் கூலி வேலைக்குப் போய்விடும். ஆகவே நான் பொழுது சாயத்தான் போனேன். ஆறு நாளில் நூற்று எண்பத்தாறு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் விளக்கேற்றிவிட்டுத் தலையைத் துடைத்தபடி ஒரு பெண் வாசலுக்கு வருவார். நான் ஏழு கேள்வியும் கேட்டு முடித்து, எட்டாவதைக் கேட்பேன்.

“வீட்டில நெல் இரிக்கா அக்கா?”

“இரிக்கு, இரிக்கு.”

அடுத்த வீடு. “இரிக்கு மனே.” அதற்கடுத்த வீடு. “இரிக்கு தம்பி.” ஒரு வீட்டில் அந்த அம்மாவுக்குப் பின்னால் நெல் வைக்கிற அறை திறந்து கிடந்தது. அதற்குள் ஒரு ஆடு கட்டியிருந்தது. “இரிக்கு” என்றார்.

எனக்குத் தெரியாதா? நான் வயல் செய்கிற வீட்டில் பிறந்தவன். விளக்கு வைக்கிற நேரத்தில் நெல்லையும் உப்பையும் பற்றி ‘இல்லை’ என்று சொல்ல எங்கள் வீடுகளில் யாருக்கும் நாக்கு எழாது. சொன்னால் அது வீட்டிலேயே தங்கிவிடும் என்று பயம். என் அம்மா அடுத்த வீட்டில் ஒரு சுண்டு அரிசி இரவல் வாங்கப் போகும்போதும் ‘அரிசி இரிக்கு, புடைக்கல்ல’ என்றுதான் சொல்வார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் ஓம் என்ற பொத்தானை அழுத்தினேன். ‘சொன்னார், ஆனால் நான் நம்பவில்லை’ என்று ஒரு பொத்தான் அதில் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஒரு நாளைக்கு முப்பது வீடு முடிக்க வேண்டும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் உண்மை.

தரவு சைபரண்ணனிடம் போனது. அவர் வழக்கம்போல ஒவ்வொரு வீட்டின் எட்டு மறுமொழியையும் கிளாஸ் கணக்கில் கூட்டி, வீட்டுக்கு ஒரு எண் கொடுத்துப் பட்டியல் போட்டார். யாரும் கேட்கவில்லை, அது அவருடைய பைத்தியம். இரண்டாம் நாள் முற்பகல் என் மேசைக்கு வந்து நின்றார்.

“தம்பி, உன்ர ஊரில ஒரு இரட்டை எண்ணும் இல்லை.”

“எண்டா?”

“நூத்தி எண்பத்தாறு வீடும் ஒத்தை எண். கடைசி இடத்தில ஒண்டு நிண்டாத்தான் ஒத்தை எண் வரும். கடைசிக் கேள்வி என்ன? நெல். ஒன்பது நாள் தண்ணிக்க கிடந்த ஊரில வீட்டுக்கு வீடு நெல் இரிக்காம். நீ எத்தினை மணிக்குப் போன?”

“ஆறு... ஆறரை.”

“விளக்கு வைக்கிற நேரம்.” கையிலிருந்த பட்டியலை என் மேசையில் வைத்தார். “உன்ர அம்மாட்ட அந்த நேரத்தில கேட்டா இல்லை எண்டு சொல்லுவாவா?”

“சொல்லமாட்டா.”

“அப்ப நீ ஏன்டா ஒண்டை அழுத்தின? அந்தச் சுவிச்சுக்கு என்ன கருத்து எண்டு கொழும்பில ஒரு பேச்சு. அந்தப் பொம்பிளையளுக்கு அவங்கட அம்மா காலத்திலயிருந்து வேற பேச்சு. ரெண்டும் தெரிஞ்ச ஒரே ஆள் நீதானே!”

என்னை ‘டா’ என்று அவர் கூப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான். எனக்குக் கோபம் வந்தது. பிழை செய்தவனுக்கு வருகிற கோபம் அது.

பெரியவரிடம் போனோம். கணினி பிழை விடாது என்றார் பெரியவர். கணினிக்கு வீடும் தெரியாது நெல்லும் தெரியாது சேர், சுவிச் மட்டும்தான் தெரியும் என்றார் சைபரண்ணன். பட்டியல் பூட்டியாச்சு, ஆதாரம் இல்லாமல் திறக்க முடியாது என்றார் பெரியவர்.

“ஆதாரம் கொண்டு வந்தா?”

“கொண்டு வாரும் பாப்பம்” என்றார் பெரியவர், கொண்டு வரமாட்டார் என்ற நம்பிக்கையில்.

வந்த ஞாயிறு பகல், சனம் கூலிக்குப் போகாத நாளாகப் பார்த்து, இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் இருவரும் போனோம். வீடு வீடாக வேலிப் படலையில் நின்று சைபரண்ணன் ஒரே விசயத்தைச் சொன்னார்.

“அக்கா, ஒண்டும் வாய் திறந்து சொல்ல வேணாம். நாளைக்கு விடிய உங்கட படலைக் கட்டையில ஒரு தேங்காய்ச் சிரட்டை வையுங்க. வீட்டில நெல் இரிந்தா நிமித்தி வையுங்க. மத்தப்படி எண்டா கவிழ்த்து வையுங்க.”

வாழ்நாள் முழுக்க ஓம், இல்லை என்ற இரண்டு சொல்லில் காலம் தள்ளிய மனிதர், அந்தக் கிராமத்தில் நூற்று எண்பத்தாறு படலையிலும் ‘இல்லை’ என்ற சொல்லை விழுங்கிவிட்டு ‘மத்தப்படி’ என்றார். ஒரு பெண்கூட ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. சிலர் அவர் முகத்தைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள்.

மறுநாள் விடியப் போனோம். நான் மெதுவாக ஓட்ட, அவர் பின்னால் இருந்து கொப்பியில் குறித்தார். படலைக்குப் படலை சிரட்டை. கவிழ்ந்த சிரட்டை. கோயில் வீதி முழுக்க, வாய்க்கால் வீதி முழுக்க, கவிழ்ந்த சிரட்டை. வாய் திறந்து சொல்ல முடியாததை அவர்கள் அத்தனை பேரும் ஒரே காலையில் சொல்லிவிட்டிருந்தார்கள். எனக்குப் பார்வை மங்கி, ஓரிடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தேன்.

மேட்டுப் பக்கம் ஒரேயொரு வீட்டில் சிரட்டை நிமிர்ந்திருந்தது. அதற்குள் ஒரு கைப்பிடி நெல்லும் போட்டிருந்தது. நெல்லுக் குத்துகிற மில்காரர் வீடு. ஊரோடு சண்டை பிடிக்கிற மனிதர், ஆனால் கேட்டதற்கு உண்மை சொல்லியிருந்தார். சைபரண்ணனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. “இந்த ஒண்டுதான் தம்பி மத்த நூத்தி எண்பத்தஞ்சுக்கும் சாட்சி” என்றார்.

பெரியவர் கொப்பியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

“போன கிழமைதான் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. அந்த ஊர் முழுக்கப் போய், டெங்கு நுளம்பு பெருகும், சிரட்டையளைக் கவிழ்த்து வையுங்க எண்டு சொல்லிப்போட்டு வந்தவர். சனம் சுகாதாரத்துக்குக் கவிழ்த்திரிக்குது. இதையா ஆதாரம் எண்டுறீர்?”

“பி.எச்.ஐ. சிரட்டையைப் படலைக் கட்டையில வைக்கச் சொல்லல்ல சேர். ஒரு சிரட்டை நிமிந்திரிக்கு. அதுக்குள்ள நெல் இரிக்கு.”

“நிமித்தி வெச்ச அந்த ஆளுக்கு நுளம்பு வழக்குப் போடச் சொல்லுறன்” என்றார் பெரியவர்.

நான் என் மேசைக்குத் திரும்பிவிட்டேன். செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது என்று எனக்குப் பட்டது. அரச ஊழியனுக்கு இது மிக எளிதாக வருகிற எண்ணம்.

சைபரண்ணனுக்கு அப்படி வரவில்லை. அடுத்த மூன்று நாளும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் தன் கணினிக்கு முன்னால் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். பூட்டிய பட்டியலின் சாவி தரவு ஏற்றுகிற அவரிடம்தான் இருந்தது. ஒரே கட்டளையில் மொத்தத்தையும் மாற்றியிருக்கலாம். அவர் ஒவ்வொரு வீடாகத் திறந்து, கொப்பியில் சிரட்டையைப் பார்த்து, கடைசி ஒன்றைச் சைபராக்கி மூடினார். ஒற்றை எண்கள் ஒவ்வொன்றாக இரட்டை எண்களாயின. மில்காரர் வீட்டை அப்படியே விட்டார். நான் அதைக் கண்டேன். சோற்றுப் பார்சலைச் சுருட்டிக்கொண்டு, கை கழுவுகிற சாட்டில் வெளியே போய் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லொறி வந்தது. விதைநெல் இறங்கியது. விழாவும் வைத்தார்கள். கிராமத்துச் சனம் வாசலில் நிறைகுடம் வைத்து, எங்கள் பெரியவருக்கு மாலை போட்டு, ஏழைகளின் கண்ணீர் துடைத்தவர் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பெரியவர் கண்ணீரைத் துடைத்தபடி உரையாற்றினார். சைபரண்ணன் பின்னால் வேப்பமரத்தடியில் நின்று, தந்த சோடாவை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். அந்தக் கிழமையே வட்டை முழுவதும் விதைத்து முடித்தார்கள்.

ஊரில் எல்லாருக்கும் கிடைத்து, மில்காரருக்கு மட்டும் கிடைக்கவில்லை. மனிதர் சும்மா இருப்பாரா? கேட்டதற்கு உண்மை சொன்ன எனக்கு ஒன்றுமில்லை, மற்ற அத்தனை பேருக்கும் உண்டா என்று மேலிடத்துக்கு ஒரு நீண்ட முறைப்பாடு எழுதினார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மேலிடம் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. விசாரணை வந்தது. விதைத்த நெல்லைத் திரும்பப் பொறுக்க முடியாது, ஆளைப் பிடிக்கலாம்.

விசாரணை அதிகாரி முதலில் என்னைக் கூப்பிட்டார். கையில் அச்சடித்த தாள்.

“வீட்டுக்கு வீடு நீர்தான் போனீரா?”

“ஓம் சேர்.”

“நெல் இருக்கு எண்டு அவங்க சொன்னாங்களா?”

“ஓம் சேர்.”

“சொன்னதைத்தான் பதிஞ்சீரா?”

“ஓம் சேர்.”

“பிறகு பட்டியலைத் திறந்து மாத்தினது நீரா?”

“இல்லை சேர்.”

“போகலாம்.”

கதிரையிலிருந்து எழும்பினேன். சேர், அந்த ‘இருக்கு’ என்ன என்று உங்களுக்குச் சொல்கிறேன் என்று ஒரு வசனம் வாய்வரை வந்தது. எனக்கு இரண்டு பிள்ளைகள், பதவி உயர்வு நெருங்கியிருந்தது. வசனத்தை விழுங்கிவிட்டு வெளியே வந்தேன். வாங்குப் பலகையில் சைபரண்ணன் தன் முறைக்காக இருந்தார்.

“என்ன மறுமொழி சொன்ன?”

“மூண்டு ஓம். ஒரு இல்லை.”

“பதினாலு” என்றார் உடனே, கூட்டிப் பார்த்து. பிறகு என் தோளில் தட்டினார். “எல்லாம் உண்மைதான் தம்பி. அவங்க நாலு கேள்விதானே கேட்டவங்க.”

அவர் உள்ளே போனார். கதவு திறந்துதான் இருந்தது. மாற்றியது நீரா என்று கேட்டார்கள். ஓம் என்றார். அனுமதி இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றார். யார் உம்மோடு அந்த ஊருக்கு வந்தது, யாருக்கெல்லாம் இது தெரியும் என்று கேட்டார்கள்.

“இது ஓம், இல்லை எண்டு சொல்லக்கூடிய கேள்வி இல்லை சேர். இதுக்கு நான் மறுமொழி சொல்லுறல்ல” என்றார்.

மூன்று தரம் கேட்டார்கள். அந்த மனிதருக்கு விசர், சரியான பைத்தியம் என்று கடைசியில் அதிகாரி பெரியவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. ஓம் சேர், ஆளுக்குக் கொஞ்சம் அப்படித்தான் என்றார் பெரியவர்; நாங்கள் இருவரும் கொப்பியோடு தன்னிடம் வந்ததை அவர் சொல்லவில்லை. அந்த விசர்தான் என் வேலையைக் காப்பாற்றியது. அவருடைய ஒப்பந்தத்தை அந்த வருடம் புதுப்பிக்கவில்லை. ஒன்றரை வரியில் ஒரு கடிதம். அதில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கம்பஸுக்குப் பக்கத்தில் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறார் என்று கேள்வி. அந்த வழியால் மாதம் இருமுறை பஸ்ஸில் போகிறேன். அவரிடம் சொல்ல நான்கு வசனம் தயாராக வைத்திருக்கிறேன். இறங்குவதில்லை. எனக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது.

புதிதாக வந்த தரவு ஏற்றுகிறவர் வீட்டிலிருந்து போத்தலில் தேத்தண்ணி கொண்டு வருகிறார். ஆகவே வலப்பக்கக் கடைசிக் கிளாஸுக்கு ஆள் இல்லை; முறைப்படி அது கவிழ்ந்து கிடக்க வேண்டும். நான் காலையில் மற்றவர்களுக்கு முன்னாலேயே வந்து அதை நிமிர்த்தி வைக்கிறேன். ராத்தா அதற்குள்ளும் ஊற்றுகிறார். இரண்டையும் நான்தான் குடிக்கிறேன். எனக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் ஏசுகிறார்.

போன வெள்ளிக்கிழமை வேறு யாரும் வரவில்லை. ராத்தா வாசலில் நின்று தட்டைப் பார்த்தார்.

“இண்டைக்கு மூண்டு” என்றார்.

மூன்று என்றால் நானும் சைபரண்ணனும்.